அம்மாவை நினைத்தால் அலை வருகிறது

தாத்தா செத்தால் பேரப்பிள்ளைகள் கையில் நெய்ப்பந்தம் கொடுப்பார்கள். ஐந்து வயதுப் பொடியனும் வரிசையில் நிற்பான். பந்தம் கையைச் சுட்டுவிடுமோ என்று ஒரு கண், தாத்தா முகத்தில் ஒரு கண். அத்தைகள் மாரில் அடித்துக்கொண்டு அழுவதைப் பார்க்கிறான். அப்பாவும் அழுகிறார் என்பதை அன்றுதான் பார்க்கிறான். பிறகு ஆண்கள் தூக்கிக்கொண்டு போகிறார்கள், வெறுங்கையோடு திரும்பி வருகிறார்கள். சாவு என்றால் என்னவென்று அவனுக்கு யாரும் தனியாகப் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

அதே வீட்டில் 32 வயதுத் தாய் விபத்தில் போய்விட்டால் எல்லாம் தலைகீழாகிவிடும். "சின்னப்புள்ள, பயந்துடும்" என்று பிள்ளையைப் பக்கத்துத் தெருவுக்குக் கூட்டிப்போவார்கள். தட்டில் மிக்சர் வைத்து, டிவியில் கார்ட்டூன் போட்டு, "அம்மா ஆஸ்பத்திரியில இருக்காங்க கண்ணு" என்பார்கள். எனக்கு ஏழு வயதில் சித்தி இறந்தபோது என்னையும் இப்படித்தான் இரண்டு தெரு தள்ளி அனுப்பினார்கள். அங்கே கேரம் ஆடினேன். பறைச் சத்தம் அங்கேயும் கேட்டது. எதற்கு அடிக்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. இரண்டு தரப்புக்கும் தெரியும் என்பது இரண்டு தரப்புக்கும் தெரிந்திருந்தது.

வயதானவர் சாவில் பிள்ளைக்கு இடம் கொடுக்கிற நாம், அகால மரணத்தில்தான் அந்த இடத்தைப் பிடுங்கிக்கொள்கிறோம். பிள்ளைக்கு அது மிகவும் தேவைப்படுகிற நேரமும் அதுதான்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. காலை 6.29க்குச் சுமத்ரா பக்கம் கடலடியில் பூமி அதிர்ந்தது. ஒன்பது மணியையொட்டி நாகப்பட்டினம் கரையில் கடல் எழுந்தது. அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம், கிறிஸ்துமஸ் கூட்டம் கலையாத வேளாங்கண்ணி என்று நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேல் போனார்கள். தமிழ்நாடு முழுக்கச் சுமார் எட்டாயிரம். ஆழ்கடலில் இருந்த ஆண்களில் பலருக்கு அலை கடந்துபோனதே தெரியவில்லை, ஏனென்றால் ஆழத்தில் அது உயரமாக எழுவதில்லை. கரையில் இருந்தவர்கள் பெண்களும் கிழவர்களும் பிள்ளைகளும். பள்ளிக்கூடம் இல்லாத நாள் வேறு. திரும்பி வந்து படகைக் கட்டிய ஆணுக்கு வீடும் இல்லை, வீட்டுக்காரியும் இல்லை. இரண்டு பிள்ளைகள் எங்கேயோ முகாமாகிவிட்ட ஒரு கல்யாண மண்டபத்தில் உட்கார்ந்திருந்தன.

அந்தப் பிள்ளைகளிடம் எதையும் மறைக்க யாருக்கும் வழியில்லை. எல்லாவற்றையும் பார்த்துவிட்டார்கள். ஆனால் நெய்ப்பந்தம் பிடித்த பேரன் பார்த்தது போல அல்ல. அவன் பார்த்தபோது பக்கத்தில் ஒரு பெரியவர் இருந்தார், அழுவதற்கு ஒரு முறை இருந்தது, எட்டாம் நாளும் பதினாறாம் நாளும் இருந்தன. இங்கே பொக்லைன் தோண்டிய குழிகளில் நூற்றுக்கணக்கானோரைச் சேர்த்துப் புதைத்தார்கள். வேறு வழியும் இல்லை. யார் எந்தக் குழியில் என்று தெரியாது. ஒப்பாரி வைக்க வேண்டிய பாட்டியும் அந்தக் குழியில்தான் இருந்தாள்.

குழந்தைகளின் மனநலத்தில் வேலை செய்பவர்கள் இந்த நிலைக்குத் தனிப்பெயர் வைத்திருக்கிறார்கள். தமிழில் 'அதிர்ச்சித் துயரம்' என்று சொல்லலாம். பெயரைவிட அது எப்படி வேலை செய்கிறது என்பது முக்கியம். சாதாரணத் துயரத்தில் பிள்ளை அம்மாவை நினைக்கும், அழும். அம்மா தலைசீவி விட்டது, கருவாட்டுக் குழம்பு வைத்தது, முதுகில் ஒன்று போட்டது எல்லாம் ஞாபகம் வரும். அழுகைக்குள்ளேயே ஒரு சிரிப்பும் வரும். துயரம் ஆறுகிற வழி இதுதான். அதிர்ச்சித் துயரத்தில் அந்த வழி அடைபட்டுப்போகிறது. அம்மாவை நினைத்தால் அம்மா வருவதில்லை, அலை வருகிறது. கையை விட்ட அந்த நொடி வருகிறது, வேலியில் தொங்கிய சேலை வருகிறது. அதனால் பிள்ளை அம்மாவை நினைப்பதையே நிறுத்திக்கொள்கிறது. பேரைச் சொன்னால் எழுந்து போய்விடும். கடல் பக்கம் திரும்பாது. "எவ்வளவு சீக்கிரம் மறந்துட்டான் பாரு, கல்லு நெஞ்சு" என்று பெரியவர்கள் பேசிக்கொள்வார்கள். மறந்ததாகத் தெரிகிற பிள்ளை ஒரு தாயை இரண்டாம் முறையும் இழந்துகொண்டிருக்கிறது.

சுனாமிக்கு மட்டும் பொருந்துகிற விஷயம் இல்லை இது. நெடுஞ்சாலை விபத்து, தூக்குக் கயிறு, தீ, வெட்டுக்குத்து என்று எதன் வழியாகச் சாவு வந்தாலும், பிள்ளை கண்ணால் பார்த்திருந்தாலும் காதால் மட்டும் கேட்டிருந்தாலும் இப்படி நேரலாம். பார்க்காத பிள்ளைதான் சில சமயம் பார்த்ததைவிடக் கோரமாகக் கற்பனை செய்துகொள்ளும்.

அள்ளிக்கொண்டு போக வந்தவர்கள்

சுனாமி முடிந்த வாரத்தில் நாகைக்கு லாரி லாரியாகப் பழந்துணி வந்தது. கூடவே பிள்ளைகளை எடுத்து வளர்க்கிறோம் என்று எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்தார்கள். பெரும்பாலோர் நல்ல மனசுக்காரர்கள்தான். இருந்தாலும் தமிழக அரசு சுனாமியில் அநாதையான பிள்ளைகளைத் தத்துக் கொடுப்பதை நிறுத்தி வைத்தது, காப்பகங்களைத் தானே திறந்தது. அப்போது இதைக் கல்நெஞ்சு என்று விமர்சித்தவர்கள் உண்டு. இன்று திரும்பிப் பார்த்தால், அந்தப் பிள்ளைகளுக்காக அந்த மாதத்தில் எடுக்கப்பட்ட முடிவுகளில் ஆகச் சரியானது அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. மண்டபத்தில் தனியாக உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு ஒரு சித்தியோ தாய்மாமனோ எங்கேயாவது உயிரோடு இருக்கலாம். அவர்களுக்கு வந்து சேரக் காலம் வேண்டும்.

பிள்ளையை உறவிடமிருந்து பிரிக்கக் கூடாது என்கிற இந்தப் பாடத்தை இங்கிலாந்து வேறு விதமாகக் கற்றது. 1939 செப்டம்பர் முதல் வாரத்தில், குண்டு விழும் என்ற பயத்தில், குழந்தைகளும் தாய்மார்களுமாகச் சுமார் 15 லட்சம் பேரை நகரங்களிலிருந்து கிராமங்களுக்கு அனுப்பினார்கள். பெற்றோரைப் பிரிந்து முன்பின் தெரியாத வீடுகளில் தங்கிய பிள்ளைகளும், லண்டனில் குண்டுச் சத்தத்துக்கு நடுவே அம்மா மடியில் தூங்கிய பிள்ளைகளும் என்று இரண்டு கூட்டம் உண்டானது. குழந்தை மனநல அறிஞர்கள் அன்னா ஃப்ராய்டும் டோரதி பர்லிங்ஹாமும் லண்டனின் ஹாம்ஸ்டெட்டில் போர்க்காலக் காப்பகங்கள் நடத்திப் பார்த்ததை எழுதி வைத்தார்கள். சின்னப் பிள்ளையைக் குண்டைவிடப் பிரிவுதான் அதிகம் உலுக்குகிறது என்பது அவர்கள் கண்டது. நம் ஊர்ப் பாட்டிகளிடம் கேட்டிருந்தால் ஒரே வரியில் சொல்லியிருப்பார்கள் என்பது வேறு விஷயம். ஆனால் பாட்டி சொன்னால் சட்டம் ஆகாது, எழுதி வைத்தால் ஒருநாள் ஆகும். இந்தியாவின் 2015 இளைஞர் நீதிச் சட்டம், பிள்ளையை விடுதியில் சேர்ப்பது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்கிறது.

நாகையில் பெற்றோர் இருவரையும் இழந்தவர்களில் பலர் சொந்தக்காரர் வீடுகளில் வளர்ந்தார்கள். யாருமற்றவர்களுக்கு அன்னை சத்யா அரசு காப்பகம் இருந்தது. அப்போது நாகைக்கு ஆட்சியராக வந்தவர் ஜெ. ராதாகிருஷ்ணன். அதற்கு ஐந்து மாதம் முன்பு, 2004 ஜூலை 16 அன்று, கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் கருகியபோது தஞ்சை ஆட்சியராக இருந்தவரும் அவர்தான். காப்பகத்தில் வளர்ந்த பெண்களின் கல்யாணத்தைப் பல வருடம் கழித்து அவர் தகப்பன் இடத்தில் நின்று நடத்தி வைத்த படங்களைப் பத்திரிகைகளில் பார்த்திருப்போம். அந்தப் படத்தை நெகிழ்ச்சிச் செய்தியாகப் போட்டுவிட்டு அடுத்த பக்கம் போய்விடுகிறோம். எனக்கு அதில் பெரிதாகத் தெரிவது கணக்குத்தான். ஒரு மனிதர் அந்தப் பெண்களின் வாழ்க்கையில் பதினைந்து வருடத்துக்கு மேல் இருந்திருக்கிறார். இடமாற்றம் ஆகியும் போகாமல் இருந்திருக்கிறார்.

ஏனென்றால் மற்றவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். முதல் மாதத்தில் குப்பத்துக்கு நாளொரு குழு வந்தது. ஆளுக்கொரு பெட்டி க்ரேயான். "என்ன நடந்துச்சுன்னு வரைஞ்சு காட்டு பாப்பா." பிள்ளை நீல நிறத்தில் பெரிய அலை வரையும். காமிராக்காரர் அதைப் படம் எடுப்பார். அடுத்த நாள் வேறு குழு, வேறு க்ரேயான், அதே அலை. ஒரே காயத்தைத் தினம் ஒருவர் வந்து பிரித்துப் பார்ப்பதை வைத்தியம் என்று யார் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியவில்லை. பேரிடர் நடந்த சூட்டில் ஒருவரை உட்காரவைத்து நடந்ததையெல்லாம் ஒரே அமர்வில் கொட்டவைப்பது பின்னால் வரும் மனநோயைத் தடுப்பதில்லை, சிலருக்குக் கெடுதலும் செய்யலாம் என்று 2002ஆம் ஆண்டிலேயே ஆய்வுத் தொகுப்பு வந்துவிட்டது. சர்வதேச நிவாரண அமைப்புகள் சேர்ந்து எழுதிய வழிகாட்டி 2007இல் அதைச் செய்யாதீர்கள் என்றே சொன்னது. நாகைக்கு அது இரண்டு வருடத்துக்கு மேல் தாமதம்.

சரியாக நடந்த வேலையும் உண்டு, அது காமிராவில் விழவில்லை. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையிலிருந்து வந்தவர்கள் ஊர்க்காரர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் பயிற்சி கொடுத்தார்கள். மருத்துவர் போன பிறகும் ஊரில் இருக்கப் போவது டீச்சர்தானே. பள்ளிகளைச் சீக்கிரம் திறந்தது அதைவிடப் பெரிய மருந்து. காலையில் மணி அடிக்கும், வருகைப் பதிவேட்டில் உன் பேர் இருக்கும், மதியம் சோறு வரும். நாளைக்கு என்ன நடக்கும் என்று தெரிவதே அந்தப் பிள்ளைகளுக்குப் பெரிய ஆறுதல்.

அக்கா அம்மாவான வீடு

பிள்ளையைத் தேற்ற வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். பிள்ளையைத் தேற்ற வேண்டியவரை யார் தேற்றுவது?

பெண்டாட்டி போன ஆண்களில் பலர் குடியில் விழுந்தார்கள். சிலர் சீக்கிரமே மறுமணம் செய்துகொண்டார்கள். குடும்பம் நடத்த ஆள் வேண்டும் என்பது குப்பத்தின் நியாயம், அதில் தப்பு சொல்ல நான் யார். ஆனால் வருஷத் திவசம் வருவதற்குள் அந்தச் சமையல்கட்டில் வேறொருத்தி நிற்பதைப் பார்க்கிற பன்னிரண்டு வயதுப் பெண்ணிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. மறுமணம் நடக்காத வீட்டில் அந்தப் பெண்ணே அம்மாவாகிவிடுவாள். தம்பிக்குத் தலை துவட்டுவாள், உலை வைப்பாள், பள்ளிக்கூடத்தை விடுவாள். ஊரே "பொறுப்பான பொண்ணு" என்று மெச்சும். அந்த மெச்சுதலுக்காகவே அவள் அழாமல் இருப்பாள்.

பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மாரின் கதை இன்னொரு மாதிரி. இரண்டு பிள்ளை போதும் என்று கருத்தடை செய்துகொண்டவர்கள் பலர். ஒரே காலையில் இரண்டும் போய்விட்டன. அவர்களுக்கு மறுஇணைப்பு அறுவை சிகிச்சைக்கு அரசு செலவு செய்தது. சிலருக்குக் குழந்தை பிறந்தது. செத்த பிள்ளை திரும்பி வந்ததாகச் சொல்லி அதே பெயரை வைப்பது நம் வழக்கம். அந்த ஆறுதலைப் பறிக்க எனக்கு மனமில்லை. ஆனால் அந்தப் பெயரைச் சுமக்கிற பிள்ளைக்கு ஒன்று நடக்கிறது. சுவரில் மாலை போட்ட படத்தின் கீழே தன் பெயர் இருப்பதைப் பார்த்தபடி அது வளர்கிறது. படத்தில் இருப்பவன் ஒருநாளும் தப்பு செய்ததில்லை, கணக்கில் முட்டை வாங்கியதில்லை. அவனோடு யார் போட்டி போட முடியும்?

பெயரைப் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்ல வேண்டும். இலங்கையின் கல்முனையில் அலை ஒதுக்கிய ஒரு கைக்குழந்தை, மருத்துவமனைப் பதிவில் 81ஆம் எண். பல குடும்பங்கள் உரிமை கோரியதாக உலகமெல்லாம் செய்தி போயிற்று. 2005 பிப்ரவரியில் மரபணுச் சோதனையில் தாய் தகப்பன் யாரென்று தெரிந்து சேர்த்து வைத்தார்கள். நல்ல முடிவு. ஆனால் 'சுனாமி பேபி' என்ற பட்டம் அந்தப் பையனை விட்டுப் போக வருடக்கணக்கானது. நம் பக்கமும் சுனாமி காலனி, சுனாமிப் பிள்ளைங்க என்று சொல்லிச் சொல்லி, உறவை இழந்தவர்களுக்கு இழப்பையே முகவரியாக்கிவிட்டோம்.

உடலே கிடைக்காதவர்கள் கதை இதைவிடக் கடினம். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் கன்னியாகுமரிக் கடலோரமாகக் கடந்தபோது தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஆட்கள் வாரக்கணக்கில் தங்கி மீன்பிடிக்கும் ஆழ்கடலில் இருந்தார்கள். பலர் திரும்பவில்லை, உடலும் ஒதுங்கவில்லை. காணாமல் போனவரை இறந்தவராகக் கொள்ளச் சட்டப்படி ஏழு ஆண்டு ஆக வேண்டும். அந்தக் காத்திருப்பைத் தளர்த்தி நிவாரணம் கொடுத்தது அரசு. காகிதத்தில் முடிந்தது. ஆனால் பணத்தை வாங்கினால் அவர் செத்தார் என்று நானே கையெழுத்துப் போட்டதாகிவிடாதா என்று மனைவிக்குக் குடையும். அமெரிக்க அறிஞர் பாலின் பாஸ் இதை முடிவு தெரியாத இழப்பு என்கிறார். இலங்கையின் வடக்கில் 2017 தொடக்கத்திலிருந்து தெருவோரப் பந்தலில் காணாமல் போன பிள்ளைகளின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த தாய்மார்களுக்கு இந்தக் கலைச்சொல் தேவைப்படாது. இப்படிப்பட்ட வீட்டில் பிள்ளை "அப்பா வருவாரா?" என்று கேட்டால் "வருவார்" என்பதும் பொய், "வரமாட்டார்" என்பதும் தாயால் சொல்ல முடியாதது. "எனக்குத் தெரியல கண்ணு. எனக்கும் அதுதான் கஷ்டமா இருக்கு. வந்தாலும் வராட்டியும் நாம சேர்ந்து இருப்போம்" என்பது உண்மை. தெரியவில்லை என்று சொல்கிற பெரியவரைப் பிள்ளை நம்பும்.

கொரோனா இந்த எல்லாவற்றையும் சேர்த்துக் கொண்டுவந்தது. அப்பா ஆம்புலன்சில் ஏறியதுதான் கடைசி. பிளாஸ்டிக் பையில் சுற்றிய உடலை நாலு பேர் கவச உடையில் எடுத்துப் போனார்கள். துக்கம் விசாரிக்க ஆளில்லை. பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைக்கு 5 லட்சம் வைப்புத்தொகை, உறவினர் வீட்டில் வளர்ந்தால் மாதம் 3,000 ரூபாய், ஒருவரை இழந்தால் மிஞ்சியவருக்கு 3 லட்சம் என்று 2021 மே மாதம் தமிழக அரசு அறிவித்தது. தேவையான உதவி. வைப்புத்தொகை உள்ள பிள்ளைக்குத் திடீரென்று உறவு பெருகும் என்பதையும் நாம் அறிவோம். பணத்தைக் கண்காணிக்க வங்கி இருக்கிறது. அந்தப் பிள்ளை ராத்திரி தூங்குகிறதா என்று பார்க்க யார் இருக்கிறார்கள்?

என்ன சொல்வது

"சாமிகிட்ட போயிட்டாங்க" என்றால் பிள்ளைக்குச் சாமி மேல் பயம் வரும். அடுத்து யாரைக் கூப்பிடுமோ? "தூங்குறாங்க" என்றால் பிள்ளை தூங்கப் பயப்படும். "ஊருக்குப் போயிருக்காங்க" என்றால், என்னிடம் சொல்லாமல் போனாளே என்று கோபம் வரும், உண்மை தெரியும் நாளில் அந்தக் கோபம் உங்கள் மேல் திரும்பும். நம் பேச்சில் 'செத்துப்போயிட்டாங்க' கொஞ்சம் முரட்டு வார்த்தைதான். பிள்ளைக்கு அந்த முரட்டு வார்த்தைதான் புரியும். "அம்மா செத்துப்போயிட்டாங்க. அவங்க உடம்பு இனிமே மூச்சு விடாது, பசிக்காது, வலிக்காது. திரும்பி வரமாட்டாங்க. நீ எதுவும் பண்ணினதால இது நடக்கல. உன்னை நான் பாத்துக்குவேன்." இவ்வளவு போதும். பிடித்தமான ஒருவர், பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு சொல்ல வேண்டும்.

அதில் நாலாவது வரியை விட்டுவிடாதீர்கள். ஆறேழு வயது என்பது உலகத்தில் நடப்பதெல்லாம் தன்னால் நடக்கிறது என்று பிள்ளை நம்புகிற வயது. முதல்நாள் அம்மாவிடம் "நீ செத்துப் போ" என்று கத்தியிருக்கும். அதை யாரிடமும் சொல்லாமல் வருடக்கணக்கில் சுமக்கும். சின்னது ஒன்று நீங்கள் சொன்னதைக் கேட்டுக்கொண்டு, "சரி, அம்மா எப்ப வரும்?" என்று திரும்பவும் கேட்கும். நூறு தடவை கேட்டாலும் அதே பதிலைச் சொல்ல வேண்டும். பத்து நிமிடம் அழுதுவிட்டுப் பம்பரம் விட ஓடினால் ஓடட்டும். பிள்ளைகள் துயரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எடுத்துக்கொள்ளும். படுக்கையை நனைத்தால் அடிக்காதீர்கள். சாவு விளையாட்டு விளையாடினால், பொம்மையைப் புதைத்தால், தடுக்காதீர்கள். காரியத்துக்குக் கூட்டிப் போகலாமா என்று கேட்டால், அங்கே என்ன பார்க்கப் போகிறாய் என்று முன்கூட்டியே சொல்லி, வர விருப்பமா என்று கேட்டு, கூடவே ஒருவரை நிறுத்திக் கூட்டிப் போங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

பெரும்பாலான பிள்ளைகள் ஒரு நல்ல பெரியவரின் நிழலில் தாமே தேறிவிடும். மாதங்கள் கடந்தும் தூக்கம் கெட்டு, பள்ளிக்குப் போகாமல், இறந்தவரைப் பற்றிய பேச்சே எடுக்கவிடாமல் இருந்தால் உதவி தேட வேண்டும். அமெரிக்க மனநல வகைப்பாடு 2022இல் நீடித்த துயரத்தைத் தனிக் கோளாறாகச் சேர்த்தபோது பெரியவர்களுக்கு ஓராண்டு, பிள்ளைகளுக்கு ஆறு மாதம் என்று வரம்பு வைத்தது. பயிற்சி பெற்றவர் வாரம் ஒரு முறையாகப் பல வாரம் பார்த்து, முதலில் பயத்தை அடக்கும் வழிகளைக் கற்றுக்கொடுத்து, பிறகு நடந்ததைப் பிள்ளையின் வேகத்திலேயே கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லவைக்கும் சிகிச்சை உண்டு. வீட்டுப் பெரியவரும் அதில் உட்கார வேண்டும். க்ரேயான் பெட்டிக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு, அடுத்த வாரமும் அதே ஆள் வருவார் என்பதுதான். மனநல ஆலோசனைக்கு டெலிமானஸ் 14416, பிள்ளைகளுக்கு உதவி எண் 1098. இரண்டும் இலவசம். வறுமையால் பிள்ளையை விடுதியில் விட நினைக்கிற குடும்பத்துக்கு மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் உண்டு. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேட்க வேண்டும். கேட்டால்தான் கிடைக்கும்.

நாகையில் ஒரு விஷயம் பலருக்கும் தோன்றியிருக்காது. அந்தப் பிள்ளைகளிடம் அம்மாவின் படம் இல்லை. கல்யாண ஆல்பம், பெட்டி, வீடு எல்லாம் கடலுக்குள். கண்ணை மூடினால் அலையைத் தவிர வேறு படம் எங்கிருந்து வரும்? நிவாரண முகாம்களில் யாரும் விசாரிக்காத பொருள் அது. உறவினர்கள்தான் எங்கேயாவது ஒரு வாக்காளர் அட்டையைக் கண்டுபிடித்து, அதிலிருந்த தபால்தலை அளவு கறுப்பு வெள்ளைப் படத்தை ஸ்டுடியோவில் கொடுத்துப் பெரிதாக்கினார்கள்.

அப்படியொரு ஸ்டுடியோவில் ஒரு நாள் நின்றிருந்தேன். கணினித் திரையில் ஒரு பெண்ணின் முகம், சாம்பல் நிறத்தில். எதிரே அத்தைக்காரியும் பத்து வயதுப் பெண்ணும். கடைக்காரர் திரும்பாமலே கேட்டார்: "சேலைக்கு என்ன கலர் போட?"

"பச்சை போடுங்க" என்றாள் அத்தை.

"இல்ல அத்தே, மஞ்சள். மாம்பழ மஞ்சள். தீபாவளிக்கு எடுத்தது. நான் அதுல மை கொட்டிட்டேன்னு அம்மா அடிச்சாங்கல்ல?"

அத்தை அவளைப் பார்த்தாள். கடைக்காரர் மஞ்சளைத் தேடி எடுத்துப் பூச ஆரம்பித்தார். "இன்னும் கொஞ்சம் கருமஞ்சள் அண்ணே" என்று அந்தப் பெண் திரைக்கு அருகே போய் நின்றுகொண்டாள்.